விடியற்காலைச் சோதனை

அக்காவைப் பைத்தியம் என்று யாரும் வாயைத் திறந்து சொல்லவில்லை. சொல்ல மாட்டார்கள், அவ்வளவு நல்லவர்கள். "மனசு கொஞ்சம் களைச்சுப் போச்சு" என்றார்கள். "நல்லா ஓய்வெடுத்தா சரியாயிடும்" என்றார்கள். ஓய்வெடுக்க ஒரு மருத்துவமனையையும் பார்த்துவிட்டார்கள். அங்கே அறைக்கு வெளிப்பக்கம்தான் தாழ்ப்பாள் என்பதை மட்டும் ஒருவரும் பேச்சுவாக்கில்கூடச் சொல்லிக்கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கொண்டுபோய்ச் சேர்ப்பதாக ஏற்பாடு. மாற்றுத்துணி, சீப்பு, சோப்பு எல்லாம் எடுத்து வைத்து, பையின் ஜிப்பை இழுத்து மூடியது அம்மா.

அக்காவின் தங்கை சின்னவளை அத்தான்தான் போனில் கூப்பிட்டார்.

"கேமராவ எடுத்துட்டு விடியக்காலையிலயே வந்துடும்மா. அவ கண்ணு முன்னாலயே கடைசியா ஒரு தடவ பாத்து, ஒண்ணுமில்லன்னு சொல்லிடு. நீ சொன்னா தகராறு பண்ணாம வருவா."

குரலில் கரிசனம் வழிந்தது. இப்படி ஒரு மனுஷனுக்கா இப்படி ஒரு கஷ்டம் என்று சின்னவளும் அத்தானுக்காகப் பரிதாபப்பட்டாள். அந்தப் பரிதாபத்தை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அத்தானுக்கு எரிவாயு நிலையத்தில் மேலாளர் வேலை. தூரத்திலிருந்து தடித்த குழாயில் பெரும் அழுத்தத்தோடு வரும் வாயுவை வாங்கி, அழுத்தத்தைக் குறைத்து, ஊரின் வீடுகளுக்கு அனுப்பும் நிலையம் அது. வாயுவுக்கென்று நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. கசிந்தால் ஜனங்களுக்குத் தெரியட்டும் என்று அதில் ஒரு நாற்றத்தைச் சேர்த்து அனுப்புவார்கள். அழுகிய முட்டையும் கெட்டுப்போன வெங்காயமும் சேர்ந்த மாதிரி ஒரு நாற்றம். அதைச் சேர்ப்பதும் அத்தானின் நிலையத்தில்தான் நடக்கிறது. நிலையத்தின் பின்சுவரை ஒட்டி மேலாளருக்கென்று ஒரு வீடு. அந்த வீட்டில்தான் அக்காவின் குடித்தனம்.

அக்காவுக்கு அந்த நாற்றம் வர ஆரம்பித்து இரண்டு வருஷம் ஆயிற்று. பின்கட்டில் நின்றால் வரும், பின்னறையில் உட்கார்ந்தால் வரும், காற்று அடிக்கிற பக்கத்தைப் பொறுத்துக் கூடும், குறையும். முதலில் சொன்னது அத்தானிடம்தான்.

"எனக்கு ஒண்ணும் வரலியே" என்றார் அத்தான். மறுபடி சொன்னாள். மறுபடியும் வரவில்லை என்றார். மூன்றாவது முறை சிரித்தார். அதன் பிறகு வீட்டுக்கு வந்தவர் போனவரெல்லாம் மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டு, மேலாளரே இல்லை என்கிற இடத்தில் நாம் எதற்கு இருக்கிறது என்று சொல்ல வேண்டும் என்று தலையை ஆட்டினார்கள். உறவில் ஒருத்தர் அக்காவுக்கு "மோப்பக்காரி" என்று பெயர் வைத்தார். கல்யாண வீட்டில்கூட, "என்ன மோப்பக்காரி, இங்க எதுவும் வாடை வரலியே?" என்று கேட்டுச் சிரிக்கிற அளவுக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அக்காவும் சிரித்து வைப்பாள். வேறென்ன செய்வது? பிறகு டாக்டர், அந்த டாக்டர் கைகாட்டிய வேறொரு டாக்டர், இல்லாத வாடை மூக்கில் ஏறுகிறவர்களுக்கென்று ஒரு மாத்திரை. அதைப் போட்டால் அக்கா பகலெல்லாம் தூங்கினாள். விழித்தால் மறுபடி நாறியது.

இத்தனைக்கும் நடுவில் அத்தான் செய்ததைச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவாள் அம்மா. "மாப்பிள்ளை மாதிரி ஒருத்தர் உண்டா? பின்பக்கம் போனாத்தானே அவளுக்கு வாடை வருதுன்னு, அடுப்பையே முன்னறைக்கு மாத்திக் குடுத்துட்டார்!" என்பாள். பின்கட்டுப் படியில் உட்கார்ந்து சிகரெட் பிடிக்கிற பழக்கத்தை விட்டு, தெருமுனைக்குப் போய்ப் பிடித்துவிட்டு வருகிறாராம். வீட்டில் இப்படி அம்மா தவிக்கும்போது பிள்ளை என்னத்தைப் படிக்கும் என்று மகளை விடுதியில் சேர்த்துவிட்டாராம். காலியான பழைய சமையலறையில் அக்கா தன் தையல் மிஷினைப் போட்டுக்கொண்டாள். ஜன்னலோரம், நல்ல வெளிச்சம். மிஷினுக்கு ஒரு மோட்டார் வாங்கித் தாருங்கள், கால் வலிக்கிறது என்று கேட்டதற்கு மட்டும் அத்தான் மறுத்தார். கால் அசைந்தால் உடம்புக்கு நல்லது என்றாராம். அதையும் அம்மா பெருமையாகத்தான் சொன்னாள்.

சரி, சின்னவளின் கேமராவுக்கு வருவோம். ஏனென்றால் அக்காவுக்கு எதிராகச் சாட்சி சொன்னது ஊர் வாய் அல்ல, அந்தக் கேமராதான்.

அவளுக்கு ஆய்வு நிறுவனம் ஒன்றில் வேலை. தொழிற்சாலை, குழாய்நிலையம், குப்பைமேடு என்று போய், வாயு கசிகிறதா என்று கேமராவில் பார்த்துச் சொல்ல வேண்டும். அது நாம் படம் எடுக்கிற கேமரா அல்ல. அதற்கு வெளிச்சம் தேவையில்லை, சூடு போதும். சுவர், தரை, மரம், மனுஷன் என்று இருக்கிற எல்லாமே கண்ணுக்குத் தெரியாமல் சூட்டை வீசிக்கொண்டுதான் இருக்கின்றன. பூமியே அப்படித்தான். பகலில் வாங்கிய வெயிலை இரவும் பகலுமாக மேலே அனுப்பிக்கொண்டே இருக்கிறது. காற்றில் பெரும்பங்கு இருக்கிற நைட்ரஜனும் ஆக்சிஜனும் அந்தச் சூட்டை ஏனென்று கேட்காது. கண்டும் காணாத பெரிய மனுஷர்கள், அதுபாட்டுக்குப் போகட்டும் என்று விட்டுவிடும். நீராவி, கரியமில வாயு, மீத்தேன் இவையெல்லாம் அப்படி இல்லை. அளவில் கொஞ்சம்தான், ஆனால் தனக்குப் பிடித்த அலை எதிர்ப்பட்டால் பிடித்து விழுங்கிவிடும். விழுங்கியதைத் தன் சூட்டுக்கு ஏற்றபடி எல்லாத் திசையிலும் திருப்பி வீசும், கீழேயும்தான். பூமிக்குக் காய்ச்சல் ஏறுவது இந்த வரவால்தான். சின்னவளின் கேமராவில் மீத்தேனுக்குப் பிடித்த அலையை மட்டும் உள்ளே விடுகிற ஒரு வடிகட்டி உண்டு. மீத்தேன் குறுக்கே வந்தால் திரையில் புகை மாதிரி நெளியும். சூடான தகரக் கூரைக்கு முன்னால் கறுப்பாக நெளியும். குளிர்ந்த ஒன்றுக்கு முன்னால் வெள்ளையாக நெளியும்.

ஒரே ஒரு சங்கடம். பின்னால் இருக்கிற சுவரும் முன்னால் இருக்கிற வாயுவும் ஒரே சூட்டில் இருந்தால் எதுவும் தெரியாது. வாயு எவ்வளவு விழுங்குகிறதோ அவ்வளவையே திருப்பி வீசிவிடும். கணக்கு நேராகிவிடும். திரையில் சாம்பல் நிறச் சுவர் மட்டும் சாதுவாக நிற்கும். மூஞ்சிக்கு நேரே கசிந்தாலும் கேமரா கைவிரித்துவிடும்.

இதை அவளுக்கு முதலில் சொன்னவரே அத்தான்தான். மேலாளர் ஆவதற்கு முன்னால் அவரும் கேமரா பிடித்தவர். அவள் வேலைக்குச் சேர்ந்த வாரம், சாப்பாட்டு மேசையில், "பின்னால என்ன இருக்குன்னு பாக்காம கேமராவத் தூக்காத" என்று விளையாட்டாகச் சொன்னார்.

அத்தானின் நிலையத்துக்கு மட்டும் அவள் எப்போதும் விடியற்காலையில்தான் போனாள். நேரம் குறிப்பது நிலையத்தின் பொறுப்பு. "வெயில் ஏர்றதுக்குள்ள வேலைய முடிச்சுட்டு, அக்கா கையால டீ குடிச்சுட்டுப் போ" என்பார். எவ்வளவு அக்கறை! வாயிற்கதவை ஒட்டி மஞ்சள் கோடு போட்டு, பார்வையாளர் இதைத் தாண்டக் கூடாது என்று எழுதி வைத்திருந்தது. அங்கே நின்று பார்த்தால் குழாய்களுக்குப் பின்னால் பின்சுவர். ராத்திரியெல்லாம் குளிர்ந்து, காற்றும் சுவரும் குழாயும் ஒன்றுபோல் கிடக்கிற வேளை. கேமராவில் ஒன்றும் இருக்காது. அவளும் ஒன்றுமில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு, அக்கா வீட்டில் டீ குடித்துக்கொண்டே, "நான் என் கண்ணால பாத்துட்டேன்க்கா, சுத்தமா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போவாள். மற்ற இடங்களில் எல்லாம் பின்னால் என்ன இருக்கிறது என்று சுற்றிச் சுற்றிப் பார்க்கிறவள், அத்தான் இடத்தில் ஒரு தடவைகூட அப்படிச் செய்யவில்லை. வீட்டு மனுஷரை யார் சந்தேகப்படுவார்கள்?

அந்த ஞாயிற்றுக்கிழமை அவளால் விடியற்காலையில் வர முடியவில்லை. ஒரு தொழிற்சாலையில் அவசரம் என்று அனுப்பிவிட்டார்கள். அதை முடித்து, கேமராப் பெட்டியோடு அக்கா வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது உச்சி வெயில். வானத்தில் மருந்துக்குக்கூட ஒரு மேகம் இல்லை.

முன்னறையில் அடுப்புக்குப் பக்கத்தில் பை தயாராக இருந்தது. அத்தான் எழுந்து வந்து கேமராப் பெட்டியைத் தானே வாங்கி ஓரமாக வைத்தார்.

"என்ன கேமரா மேடம், இவ்வளவு லேட்டு? இனிமே வேணாம்மா. இந்த வெயில்ல ஒண்ணும் சரியாத் தெரியாது. வாயால சொல்லிடு, போதும்."

சின்னவளுக்கு என்னவோ உறுத்தியது. வெயிலில் தெரியாதா? காலையில் இதே வெயிலில்தானே தொழிற்சாலையில் கசிவைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டு வந்தாள்? ஆனால் அப்போது அதைக் கேட்கத் தோன்றவில்லை. அக்கா எங்கே என்று கேட்டாள். மாடியில் துணி எடுக்கிறாள் என்று அம்மா சொன்னாள். எதற்கோ பெட்டியையும் தூக்கிக்கொண்டு படியேறினாள். "அது எதுக்கும்மா மேல?" என்று அத்தான் பின்னாலிருந்து கேட்டதும் காதில் விழுந்தது.

அக்கா கொடியிலிருந்து துணிகளை எடுத்து மடித்துக்கொண்டிருந்தாள். மாத்திரையால் முகம் உப்பியிருந்தது. தங்கையைப் பார்த்ததும் சிரித்தாள்.

"வாடி. ஒண்ணுமில்லன்னு சொல்ல வந்தியா?"

சின்னவள் பெட்டியைக் கீழே வைத்தாள்.

"சொல்லிட்டுப் போ. நான் சண்டையெல்லாம் போடல. போயிடறேன். எனக்கே இப்ப சந்தேகமா இருக்குடி. இப்பக்கூட நாறுது எனக்கு. இந்த நிமிஷம். ஆனா உங்க எல்லாருக்கும் இல்லன்னா, எனக்குத்தானே ஏதோ ஆயிடுச்சு? அங்க போனா ராத்திரியாவது தூங்கலாம்."

சின்னவள் மூச்சை இழுத்துப் பார்த்தாள். எத்தனையோ வருஷமாக வாயு நடுவிலேயே நின்று நின்று மழுங்கிய மூக்கு அவளுடையது. ஒன்றும் பிடிபடவில்லை. பெட்டியைத் திறந்து கேமராவை எடுத்தாள். அக்காவின் மனசுக்காகத்தான் எடுத்தாள், வேறு எதற்காகவும் இல்லை. நிலையத்தின் பக்கம் திருப்பினாள். மாடியிலிருந்து பார்க்கும்போது, கொட்டகைக் கூரைக்கு மேலே குழாய் வளைகிற இடத்துக்குப் பின்னால் சுவர் இல்லை. வெறும் வானம்தான்.

தெளிந்த வானம் அந்தக் கேமராவுக்குக் கிணற்று ஆழம்போல் குளிர்ந்து, கறுத்துத் தெரியும். எதிர்த்து வீச அங்கே பெரிதாக எதுவும் இல்லை. பூமியின் சூடு தப்பித்து ஓடுகிற ஜன்னலே அதுதான்.

அந்தக் கறுப்பில் வெள்ளை வெளேரென்று ஒன்று எழுந்து நின்றது.

குழாய் வளைவின் இணைப்பிலிருந்து புறப்பட்டு, கூரை விளிம்பில் தவழ்ந்து, சுவரைத் தாண்டி, அக்கா வீட்டுப் பின்கட்டின் மேல் படுத்துப் புரண்டு, பழைய சமையலறை ஜன்னலைத் தடவிக்கொண்டு போனது. தையல் மிஷின் போட்டிருக்கிற அறையின் ஜன்னல். நிற்கவே இல்லை. அடங்காத கொதிபானை ஆவி மாதிரி வந்துகொண்டே இருந்தது. கேமராவை இறக்கிவிட்டு வெறுங்கண்ணால் பார்த்தாள். வெயிலும் கூரையும்தான் இருந்தன. மறுபடி தூக்கினாள். இருந்தது. சின்னக் கசிவா அது? வருஷக்கணக்கில் வளர்ந்து ஆளாகியிருந்தது.

அவள் பேசாமல் கேமராவை அக்காவின் கையில் கொடுத்தாள்.

அக்கா வெகுநேரம் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அழுவாள் என்று சின்னவள் நினைத்தாள். அக்கா அழவில்லை. "இவ்வளவு பெருசா?" என்று மட்டும் கேட்டாள்.

அப்புறம்தான் சின்னவளுக்கு எல்லாம் வரிசையாக விளங்கியது. விடியற்காலை, மஞ்சள் கோடு, டீ. இப்போது இந்த வெயிலில் தெரியாது என்ற பேச்சு. அவளுக்குத் தலையிலிருந்து கால்வரை கொதித்தது. ஏமாந்ததற்குக்கூட அல்ல. அவள் கண்ணை, அவள் கேமராவை, "நான் பாத்துட்டேன்க்கா" என்ற அவள் சொல்லை எடுத்து அக்காவின் வாயை அடைத்திருக்கிறார். கேமரா சுவரைப் பார்த்து இல்லையென்று சொன்னது, அவள் கேமராவைப் பார்த்து இல்லையென்று சொன்னாள், டாக்டர் அவளைப் பார்த்து மாத்திரை எழுதினார். சுவர் குளிர்ந்திருக்கிற நேரத்தைப் பார்த்துக் குறித்துக் கொடுத்தவர் கீழே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருக்கிறார்.

படியில் தடதடவென்று இறங்கினாள். கேமராவை அத்தானின் மடியில் வைக்காத குறையாக நீட்டி, எடுத்த படத்தை ஓடவிட்டாள்.

"என்ன அத்தான் இது?"

அத்தான் பார்த்தார். ஒரு கணம்தான். உடனே முகத்தைச் சரிசெய்துகொண்டார்.

"அது நீராவியா இருக்கும்மா."

"நீராவியா? கொதிக்கறதுக்கு அங்க என்ன இருக்கு? ஆவியா இருந்தா வெறுங்கண்ணுக்கே வெள்ளையாத் தெரியணும். மேல வந்து பாருங்க, தெரியுதான்னு. இந்த வடிகட்டி எதுக்குன்னு உங்களுக்குத் தெரியாதா? நீங்களும் இதத்தானே பிடிச்சீங்க!"

"குரல ஒசத்தாத. பக்கத்துல கேக்கும்."

"கேக்கட்டும்! ரெண்டு வருஷமா எனக்கு நேரம் குறிச்சுக் குடுத்தது யாரு? சுவரும் வாயுவும் ஒரே சூடா இருக்கற நேரமாப் பாத்து என்னக் கூப்பிட்டு, டீயும் குடுத்து அனுப்பியிருக்கீங்க. என் கண்ணுலயே மண்ணத் தூவிட்டு, அந்தக் கண்ணையே சாட்சிக்குக் கூப்பிட்டிருக்கீங்க."

அம்மா நடுவில் வந்தாள். "என்னடி இது, மாப்பிள்ளைகிட்டப் பேசற பேச்சா?"

"நீ கொஞ்சம் சும்மா இரும்மா."

அத்தானின் தோள் இறங்கியது. பிடிபட்டவுடன் பெரிய மனுஷர்கள் எல்லாம் போடுகிற அதே வேஷத்தை அவரும் போட்டார். குழைந்தார்.

"சின்னக் கசிவும்மா. தொறந்த வெளி. காத்துல கலந்து போயிடும்."

"எங்க போகும்? மேல போய் உக்காந்து, கீழேருந்து கிளம்பற சூட்டையெல்லாம் பிடிச்சு வெக்கும். கரியமில வாயுவ விடப் பல மடங்கு பிடிக்கும். அது ஊருக்கு. உங்க வீட்டுக்கு? ஒரு பொறி போதும் அத்தான், ஒரே ஒரு பொறி!"

"அந்த இணைப்ப மாத்தணும்னா நிலையத்தையே மூடணும். மூடினா, இத்தன நாள் என்ன பண்ணிட்டிருந்தேன்னு மேலிடத்துல கேப்பாங்க. பதவி உயர்வு வர்ற நேரம். இன்னும் கொஞ்ச நாள்ல மாற்றல் வந்துடும், வர்றவன் பாத்துக்குவான்னு நெனச்சேன். வேணும்னு பண்ணல. உன் கூடப்பிறந்தவனா நெனச்சு இத விட்டுடும்மா. நாளைக்கே நான் சரிபண்ணிடறேன்."

அம்மா நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். யாரையும் பார்க்காமல், "எனக்கும் ஒருநா வந்த மாதிரிதான் இருந்துச்சு" என்றாள்.

சின்னவள் திரும்பினாள். "என்னது?"

"பின்கட்டுல பாத்திரம் தேய்க்கும்போது. ரெண்டு மூணு தடவ."

"அப்பறம் ஏம்மா சொல்லல?"

"மாப்பிள்ளை இல்லங்கறாரே... அவருக்குத் தெரியாததா எனக்குத் தெரியப்போகுதுன்னு..."

சின்னவளுக்கு அம்மாவின் மேல் வந்த ஆத்திரம் அத்தான் மேல் வந்ததைவிடக் கூட. அத்தானாவது தன் பிழைப்புக்காகப் பொய் சொன்னார். அம்மா எதற்காக? தன் மூக்கையே நம்பாமல், பெற்ற மகளுக்கு மோப்பக்காரி என்று பெயர் விழுவதைப் பார்த்துக்கொண்டு, அவளுக்குப் பையும் கட்டியிருக்கிறாள். காற்றில் பாதிக்குமேல் நிறைந்திருந்தும் எதையும் பிடித்து நிறுத்தாத நைட்ரஜன்போல் உட்கார்ந்திருந்த அம்மாவிடம் என்னத்தைச் சொல்லிச் சண்டை போடுவது?

அவள் போனை எடுத்தாள்.

"யாருக்கு?" என்று அத்தான் எழுந்தார்.

"கட்டுப்பாட்டு அறைக்கு. கசிவப் பாத்துட்டுச் சொல்லாம இருந்தா நானும் உங்க கூட்டுதான்."

"கையெடுத்துக் கும்புடறேன். உன் அக்கா குடும்பம் தெருவுக்கு வந்துடும்."

"வீடு வெடிச்சா எங்க வரும் அத்தான்?"

எதிர்முனையில் ஆள் எடுத்தார். அவள் நிலையத்தின் பெயரையும், குழாய் வளைவு இருக்கிற இடத்தையும், காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்பதையும், சுவரை ஒட்டிக் குடியிருப்பு இருப்பதையும் நிதானமாகச் சொன்னாள். விளக்கு சுவிட்சைத் தொடாமல் எல்லோரும் வெளியேறுங்கள், வண்டி கிளம்பிவிட்டது என்றார்கள். அத்தான் தலையில் கைவைத்துக்கொண்டார்.

அப்போதுதான் அக்கா படியிறங்கி வந்தாள். மடித்த துணிகளைக் கையில் வைத்திருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருக்க வேண்டும். அவற்றைப் பையின் மேல் வைத்துவிட்டு, அடுப்பைப் பார்த்தாள். வெகுநாளாகப் பார்த்துப் பழகிய அடுப்பைப் புதிதாகப் பார்க்கிறவள் மாதிரி பார்த்தாள்.

"ஏங்க" என்றாள். சத்தமே இல்லை. "அடுப்ப ஏன் முன்னறைக்கு மாத்துனீங்க?"

அத்தான் நிமிரவில்லை.

"பின்னாடி வாடையே இல்லன்னு சொல்லிட்டுத்தானே இருந்தீங்க? அப்பறம் அடுப்ப ஏன் மாத்துனீங்க?"

"உனக்காகத்தான்..."

"சிகரெட்டுக்குத் தெருமுனை வரைக்கும் போனதும் எனக்காகத்தானா?"

அக்கா ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்கக் கேட்க அவள் முகத்தில் மாத்திரையின் மப்பு கலைந்துகொண்டே வந்தது.

"மிஷினுக்கு மோட்டார் கேட்டேன். வேணாம்னீங்க. கால் அசைஞ்சா நல்லதுன்னீங்க. மோட்டார்னா பொறி வரும், அதானே? அப்படின்னா, அந்த ரூம்லதான் நான் நாள் பூரா உக்காந்திருக்கேன்னு யோசிச்சிருக்கீங்க. யோசிச்சு, என்ன எழுப்பி வெளிய கூப்பிடல. மோட்டார மட்டும் வாங்காம விட்டுட்டீங்க."

"அப்படி இல்ல..."

"பொண்ண விடுதிக்கு அனுப்புனீங்களே, அவ படிப்புக்கா?"

அத்தானின் கண் பின்னறைப் பக்கம் போய்த் திரும்பியது. அதுவே பதிலாக இருந்தது. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சின்னவளுக்கு அந்த ஆளின் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போல் கை பரபரத்தது.

"அடுப்ப நகத்துனீங்க, புள்ளைய நகத்துனீங்க" என்றாள் அக்கா. "என்ன நகத்தினா மட்டும் ஏன்னு ஊர் கேக்கும். அதனால எனக்கு மூளை சரியில்லன்னு சொல்லிட்டீங்க. அது சுலபமா இருந்துச்சு, இல்ல?"

வெளியே எங்கோ தூரத்தில் வண்டியின் சங்கு கேட்டது. அக்கா அலமாரியின் மேலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து வந்து அத்தானின் கையைப் பிரித்து, அதில் வைத்து, விரல்களை மடக்கிவிட்டாள்.

"இல்லாதது இருக்கற மாதிரித் தோணறவங்களுக்குக் குடுக்கற மாத்திரையாம் இது. இருக்கறத இல்லங்கறவங்களுக்குக் கேக்குதான்னு நீங்க போட்டுப் பாருங்க."

பிறகு அம்மா கட்டி வைத்த அந்தப் பையைத் தூக்கித் தோளில் மாட்டிக்கொண்டாள். "நம்ம பொண்ணு விடுதிக்கு இப்ப பஸ் இருக்குமாடி?" என்று தங்கையிடம் கேட்டாள். இருக்கும் என்றாள் சின்னவள். இருவரும் முன்வாசல் வழியாக வெயிலில் இறங்கி நடந்தார்கள்.